எழுநூற்று இருபது புள்ளியில் ஒரு படகு

போன வாரம் எங்கள் அச்சகத்து வாட்ஸ்அப் குழுவில் தினேஷ் ஒரு விளம்பரத்தைப் போட்டிருந்தான். எந்தப் படமாக இருந்தாலும் ஒரே ஒரு தட்டு தட்டினால் அச்சுக்குத் தயாராகிவிடுமாம். அதன் கீழே, "மெஹரக்கா, இனிமே உங்கள மாதிரி ஆளுக்கும் ரோசலின் மேடத்துக்கும் வேலையே இல்ல போல!" என்று எழுதி, சிரிக்கிற பொம்மை வேறு. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்த எனக்குச் சுருக்கென்றது. கொத்தமல்லியை அப்படியே வைத்துவிட்டுப் பதில் அடிக்க உட்கார்ந்தேன். அடித்தேன், அடித்தேன், யாருமே முழுசாகப் படிக்க முடியாத நீளத்துக்கு அடித்துவிட்டேன். "அக்கா, இத கட்டுரையாவே எழுதிக் குடுத்துடுங்க" என்றார்கள். சரி, கேட்டு வாங்கிக்கொண்டீர்கள், படியுங்கள்.

நான் மெஹருன்னிசா, தண்டையார்பேட்டைக்காரி. ராயபுரத்தில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில், படங்கள் மெஷினுக்குப் போகுமுன் அவற்றைச் சரிபார்த்துத் தயார் செய்வதுதான் என் வேலையாக இருந்தது. டைப் அடிக்கத்தான் உள்ளே போனேன். ஸ்கேனர் ஆளில்லாமல் கிடந்ததால் அதில் உட்கார வைத்தார்கள். பிறகு போட்டோஷாப். கல்யாணப் பத்திரிகை, மீன் ஏற்றுமதிப் பெட்டி, கோயில் மலர், மசூதி நோட்டீஸ், சர்ச் பாட்டுப் புத்தகம் என்று கையில் படாத காகிதம் இல்லை. கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது ரோசலின் மேடத்தைப் பற்றியும் செல்வியின் படகைப் பற்றியும்.

ரோசலின் மேடம் எங்கள் தயாரிப்பு மேலாளர். என்னைவிட வயதில் சின்னவர். ஆனால் அவர் நடந்து வந்தால் மெஷின்கூடச் சத்தத்தைக் குறைக்கும் என்று பசங்கள் சொல்வார்கள். கழுத்தில் கயிறு கட்டி ஒரு லென்ஸ் தொங்கும், கையில் ஸ்டீல் ஸ்கேல், வாயில் கமர்கட்டு. கமர்கட்டு கரைகிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டார். புரூஃபின், அதாவது மாதிரி அச்சின் மேல் லென்ஸை வைப்பார், குனிவார், நகர்த்துவார், மறுபடி குனிவார். நாம் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். கடைசியில் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "இத்த யாரு, எவ்ளோ தூரத்துல நின்னு பாக்கப் போறாங்க?"

ஆரம்பத்தில் இந்தக் கேள்வி எனக்கு எரிச்சலாக இருந்தது. படம் நன்றாக இருக்கிறதா இல்லையா, அதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே! ஒருநாள் பெரிய பிளெக்ஸ் பேனருக்கு ஒரு படம் வந்தது. படம் என்பதே புள்ளிகள்தானே, அதில் அங்குலத்துக்கு நாற்பது புள்ளிகூட இல்லை. "இது உடையும் மேடம், அடிக்கவே கூடாது" என்று நான் குதித்தேன். அவர் என் கையைப் பிடித்துத் தெருவைத் தாண்டி எதிர்ப் பக்கம் இழுத்துப்போனார். அச்சகத்தின் பக்கம் ஏற்கெனவே ஒரு பேனர் கட்டியிருந்தது. எதிர்ப் பக்கத்திலிருந்து பார்த்தால் அதிலிருந்த ஆளின் மீசை முடி முடியாகத் தெரிந்தது. கிட்டே கூட்டிப்போனார். மீசையைக் காணோம், கட்டம் கட்டமாகக் கறுப்புச் சதுரங்கள். "பஸ்ல போறவனுக்கு மீச வேணும், மெஹர். கிட்டக்க வந்து கட்டத்த எண்ணிக்கினு எவன் நிக்கப் போறான்?" என்றார். அட, இவ்வளவுதானா என்று இருந்தது! அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒவ்வொரு பேனரையும் கிட்டேயும் தூரத்திலுமாகப் பார்த்துக்கொண்டே போனேன். பார்த்தவர்கள் என்னை என்ன நினைத்தார்களோ.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் பாதிப் பேர் படத்தைக் கொலை செய்கிறார்கள். கையில் வைத்துப் பார்க்கிற அச்சுக்கு அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி வேண்டும். சரி. உடனே பையன்கள் என்ன செய்வார்கள்? இணையத்திலிருந்து எடுத்த தம்மாத்தூண்டு படத்தைத் திறந்து, பெட்டியில் 72 என்று இருப்பதை அழித்து 300 என்று போட்டுவிட்டு, "முந்நூறு இருக்குதுக்கா" என்பார்கள். பெட்டியில் நம்பரை மாற்றினால் படத்துக்குள் புள்ளி எங்கிருந்து வரும்? இல்லாத புள்ளியை இட்டு நிரப்புகிற ரீசாம்பிள் என்ற இடத்தில் உள்ள டிக்கை முதலில் எடு. பிறகு 300 போடு. இப்போது அகலம் எத்தனை அங்குலம் என்று காட்டுகிறதோ அதுதான் உன் படம் தாங்கும் அளவு. ஒரு கரண்டி மாவு மாதிரிதான். கல் எவ்வளவு பெரிசாக இருந்தாலும், ஒரு கரண்டியை ஓரளவுக்குத்தான் தேய்க்க முடியும். அதற்கு மேல் இழுத்தால் ஓட்டைதான் விழும்.

இனி காலண்டர். திருவொற்றியூர் பக்கத்துக் கடற்கரைக் குப்பம் ஒன்றில் ஃபைபர் படகுக்காரர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். வருஷா வருஷம் அவர்கள் போடும் காலண்டர் எங்களிடம்தான் அச்சாகும். மாதத்துக்கு ஒரு தாள், தாளுக்கு ஒரு படகு. எந்தப் படகு எந்த மாதம் என்று குடத்தில் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். எல்லாரும் சாமி கும்பிட்டு வேண்டிக்கொள்வது ஜனவரிக்குத்தான். ஏனென்றால் ஜனவரித் தாள்தான் புதுசாக, மடங்காமல், ஐஸ் கம்பெனியிலும் டீக்கடையிலும் ஸ்டேஷனிலும் சுவரில் ஏறும். டிசம்பர் வருவதற்குள் பாதிக் காலண்டர் கிழிந்து போயிருக்கும். அப்புறம் ஒரு சட்டம் உண்டு. படகை முதன்முதலில் கடலில் இறக்கிய அன்று, மாலையும் புதுப் பெயின்டுமாக எடுத்த படம்தான் போட வேண்டும். வேறு நாள் படம் செல்லாது. அதனால் படம் சரியில்லை என்றால் போய் இன்னொன்று எடுத்து வர முடியாது.

அந்த வருஷம் ஜனவரி செல்விக்கு விழுந்தது. செல்வி மீன் ஏலம் விடுகிறவள். சொந்தமாகப் படகு வாங்கி, அதற்குக் கன்னியம்மா என்று பெயர் வைத்தவள். சங்கத்துச் சீட்டில் ஒரு பெண்ணின் படகு வந்ததே அதுதான் முதல் தடவை. பிப்ரவரிக்கு விழுந்தவர் சங்கத் தலைவரின் மச்சான். சனிக்கிழமை சாயங்காலம் தலைவர் வந்து புரூஃப் பார்ப்பார், அதற்குள் ஜனவரி படம் தேறாவிட்டால் மச்சானின் படகு முன்னால் வந்துவிடும், செல்வியின் சீட்டு மறுபடி குடத்துக்குப் போய்விடும் என்று பேச்சு.

வெள்ளிக்கிழமை காலையில் செல்வி வந்தாள். வரும்போதே குரல் முன்னால் வந்தது.

"அக்கா! ஜனவரி எனிக்குத்தான் வுழுந்துச்சு! குப்பமே வாயப் பொளந்துகினு கீது! தோ பாரு படம், ஷோக்கா கீதா?"

போனை நீட்டினாள். வாங்கிப் பார்த்தேன். அது யாரோ வைத்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலிருந்து எடுத்த ஸ்கிரீன்ஷாட்! மேலே பெயர், கீழே பதில் எழுதுகிற பட்டை, மூலையில் ஒட்டிவைத்த ஒரு சிவப்பு இதயம். நடுவில் படகின் முனையில் செல்வி கற்பூரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். படம் வந்திருந்த பழைய போன் கடலில் விழுந்துவிட்டதாம். இருப்பது இதுதானாம். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். அகலம் எழுநூற்று இருபது புள்ளி. காலண்டரில் படத்துக்கு இடம் பதினைந்து அங்குலம். வகுத்துக்கொள்ளுங்கள், அங்குலத்துக்கு வெறும் நாற்பத்தெட்டு.

அப்போதுதான் நம் தினேஷ் எழுந்தான். "குடுங்கக்கா, அஞ்சு நிமிஷம்" என்று புதிதாக இறக்கியிருந்த ஓர் ஆப்பில் போட்டான். சுற்றியது, சுற்றியது, வந்தது பாருங்கள்! சத்தியமாகச் சொல்கிறேன், நானே கை தட்டிவிட்டேன். கடல் மினுமினுத்தது. மாலையில் பூ பூவாகத் தெரிந்தது. புள்ளி எண்ணிக்கையும் எகிறிவிட்டது. தினேஷ் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

செல்வி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"யாருக்கா இவ?"

"நீதான் செல்வி."

"நானா? எனிக்கு ரெண்டு பக்கமும் மூக்குத்தி, ஒண்ணியும் காணோம். இந்த கன்னத்துல எண்ண தெறிச்ச வடு கீதே, அது எங்க போச்சு? பல்லப் பாரு, சினிமாக்காரி மாதிரி! என் மூஞ்சிய எடுத்துட்டு எவ மூஞ்சியோ வச்சி கீறான். இவ யாருடா என் போட்டு மேல ஏறி நிக்கிறது?"

அதற்குப் பிறகுதான் நானும் ஒழுங்காகப் பார்த்தேன். படகின் பக்கத்தில் எழுதியிருந்த கன்னியம்மா என்ற பெயர் எந்த மொழியிலும் சேராத கோணல் கோடுகளாக மாறியிருந்தது. கயிறு ஒன்று நடுவழியில் செல்வியின் விரலாகிவிட்டது. அந்த ஆப்புக்குத் தெரியாததையெல்லாம் அதுவாகவே இட்டுக்கட்டி நிரப்பியிருக்கிறது. தினேஷ், ஞாபகம் இருக்கிறதா, நீ அப்போது மெல்லக் காலரை இறக்கினது?

ரோசலின் மேடம் வந்தார். கமர்கட்டு வாயில். லென்ஸை வைத்தார், குனிந்தார், நகர்த்தினார். செல்வி பொறுமையில்லாமல், "இன்னாம்மா, வாயில கொழுக்கட்டையா? சொல்லேன்!" என்றுகூடக் கேட்டுவிட்டாள். நான் அவள் கையைக் கிள்ளினேன். மேடம் கமர்கட்டைக் கடித்து விழுங்கி முடித்து, "காலண்டர எவ்ளோ தூரத்துல நின்னு பாப்பாங்க?" என்றார். பிறகு அவரே பதிலும் சொன்னார். "கைக்கெட்டுற தூரம். கேஸ் சிலிண்டர் வந்த தேதிய எழுதுவாங்க, பௌர்ணமி பாப்பாங்க. அந்தத் தூரத்துல இது நிக்காது. அந்தம்மா மூஞ்சி இல்லாத படத்த நான் மெஷின்ல ஏத்த மாட்டேன். இருக்கிற படத்த உள்ளபடி போட்டா ரெண்டரை அங்குலம் வரும்." ஸ்கேலை வைத்துக் காட்டினார்.

செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் குரல் இறங்கவில்லை. "மத்தவன் போட்டுக்கெல்லாம் சொவரு, என் போட்டுக்கு மட்டும் ஸ்டாம்பா? அந்த மச்சான்காரன் நாளைக்கி மீசைய முறுக்கிகினு சிரிப்பான்கா. பொம்பள போட்டுக்கு ராசியில்லன்னுவான்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள், எல்லார் மேலும்தான். "அழுவாத. இந்தப் படத்த மொதல்ல எடுத்தது யாரு? அத்தச் சொல்லு" என்றேன். ஏன் கேட்டேன் என்றால், ஸ்டேட்டஸில் போட்டது நகல், நகலின் நகல். ஒவ்வொரு கை மாறும்போதும் வாட்ஸ்அப் புள்ளியைத் தின்றுகொண்டே போகும். அசல் எங்கோ ஒருவரிடம் இருந்துதானே ஆக வேண்டும்!

ஸ்டேட்டஸ் வைத்தது காலடிப்பேட்டையில் இருக்கும் செல்வியின் அக்கா மகள். அவளுக்குப் போன் போட்டோம். "படம் எடுத்தது பாலு அண்ணன், சித்தி. பெரம்பூருக்காரரு. என் வூட்டுக்காரரோட தோஸ்து. ரயில போட்டோ எடுத்துகினு சுத்துவாரே, அவருதான்" என்றாள். பாலு ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்பவர், நல்ல கேமரா வைத்திருப்பவர். கேமரா என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நான் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன்.

பாலுவுக்குப் போன் செய்தோம். தங்கமான மனுஷன். "அட, அந்தப் படமா? தோ அனுப்புறேன்க்கா" என்றார். டிங் என்று வந்தது. எதில்? வாட்ஸ்அப்பில்! மேலும் கொஞ்சம் புள்ளி இருந்தது, ஆனால் அங்குலத்துக்கு நூற்றுச் சொச்சம்தான். "அதுல அனுப்பாதீங்க, படம் சுருங்குது" என்றேன். "நெட்டு வீக்கு போல" என்று மறுபடி அனுப்பினார், அதே வாட்ஸ்அப்பில். மூன்றாவது தடவையும் டிங் சத்தம் கேட்டபோது ரோசலின் மேடமே தலையில் கை வைத்துக்கொண்டார். மெயிலில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். மூன்று தடவை ஏமாந்தவளுக்கு எதன் மேலும் நம்பிக்கை வரவில்லை. பென்டிரைவை எடுத்துப் பையில் போட்டேன். "நானே போறேன் மேடம்" என்றேன். "போங்க" என்றார். அதோடு என் கையில் ஒரு கமர்கட்டையும் வைத்தார். அத்தனை வருஷத்தில் அவர் எனக்குக் கமர்கட்டுக் கொடுத்தது அந்த ஒரு தடவைதான்.

நானும் செல்வியும் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் மாறி, பெரம்பூரில் இறங்கினோம். வழி முழுக்கச் செல்வி பேசிக்கொண்டே வந்தாள். படகை இறக்கின அன்று ஆம்பிளைகள் பாதிப் பேர் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்களாம். மீதிப் பேர் இன்னும் வந்துகொண்டே இருந்தார்களாம். "நல்ல நேரம் போய்கினே கீது, ஒருத்தனும் வரல. எனிக்கு ஒரே பேஜாரா பூட்ச்சு. அப்பால எங்க குப்பத்துப் பொம்பளைங்களே பொடவைய இழுத்துச் சொருவிகினு தள்ளிட்டாங்க!" என்று சொல்லிச் சிரித்தாள்.

பாலு ஷிப்ட் முடித்து வந்து கம்ப்யூட்டரைத் திறந்தார். ரயில், ரயில், ரயில், ரயிலாகவே ஓடிக்கொண்டிருந்தது. ரயிலுக்கு நடுவே நீலமாக ஒன்று வந்தது. "நிறுத்துங்க!" என்று நானும் செல்வியும் ஒன்றாகக் கத்தினோம்.

திறந்தால், ஆறாயிரம் புள்ளி அகலம்! பதினைந்து அங்குலத்துக்கு வைத்தால் அங்குலத்துக்கு நானூறு! அழுகை வருமா சிரிப்பு வருமா என்று தெரியாமல் நான் பாலுவின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

ஆனால் அது நாங்கள் பார்த்த படமே இல்லை. "செல்வி அக்கா நல்லா தெரியட்டும்னு நான்தான் மத்ததெல்லாம் வெட்டிட்டு அனுப்புனேன்" என்றார் பாலு. முழுப் படத்தில் ஒரு மூலையில்தான் செல்வி. மற்ற இடமெல்லாம் பெண்கள்! படகின் இரண்டு பக்கமும் தோளைக் கொடுத்து, முழங்கால் மணலில் புதைய, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளுகிறார்கள். ஒருத்தியின் கொண்டை அவிழ்ந்து காற்றில் போகிறது. ஒரு கிழவி தள்ளுவதை விட்டுவிட்டு, தள்ளுகிறவர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

"அய்ய! எங்கம்மா! பாருக்கா, அப்பவும் யாரையோ திட்டிகினு கீது! தோ ராணி! தோ எங்க நாத்தனாரு!" செல்வி திரையையே தொட்டுத் தொட்டுக் காட்டினாள்.

நான் கணக்கைச் சொன்னேன், அதுதானே என் வேலை. "செல்வி, பாலு வெட்டுன மாதிரி உன்ன மட்டும் வெட்டி எடுத்தா நீ பெருசா தெரிவ. ஆனா புள்ளி நூத்தி அறுவதுக்கு எறங்கிடும், கொஞ்சம் மங்கலா இருக்கும், சமாளிக்கலாம். முழுசா போட்டா எல்லாருமே கத்தி மாதிரி விழுவாங்க. ஆனா உன் மூஞ்சி சின்னதாயிடும்."

செல்வி உதட்டைக் கடித்தாள். "என் மூஞ்சி எம்மாம் பெருசு வரும்?"

என் கட்டைவிரல் நகத்தைக் காட்டினேன். "இம்மாம்."

"மூக்குத்தி தெரியுமா?"

திரையைப் பெரிதாக்கிக் காட்டினேன். இரண்டு பக்கமும் மூக்குத்தி மின்னியது. கன்னத்து வடுவும் இருந்தது.

"அப்ப முழுசா போடு" என்றாள். "இவளுங்க இல்லாம போட்டு தானா நடந்தா போச்சு கடலுக்கு?"

சனிக்கிழமை புரூஃபை எடுத்தேன். படகின் பளீர் ஆரஞ்சு அச்சு மையின் நாலு கலரில் அப்படியே வராது. முடிந்தவரைக்கும் இழுத்துப் பிடித்தேன். ரோசலின் மேடம் லென்ஸை வைத்து ஒவ்வொரு முகமாக நகர்த்தினார். பிறகு ஆணியில் மாட்டினார். கையை நீட்டித் தூரத்தை அளந்துகொண்டு நின்றார். கமர்கட்டு கரைகிற வரைக்கும் நானும் செல்வியும் தினேஷும் மூச்சு விடவில்லை. கடைசியில், "ஏத்து" என்றார். செல்வி போட்ட கூச்சலில் மெஷின்காரர் ஓடி வந்துவிட்டார்.

சாயங்காலம் தலைவர் மச்சானோடு வந்தார். மச்சான் படத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், கொண்டை அவிழ்ந்த பெண்ணைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அது அவர் மனைவி! "இவ எப்ப போயி தள்ளுனா? எங்கிட்ட சொல்லவே இல்லியே!" என்றார். அதற்கப்புறம் பிப்ரவரியைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

அந்தப் பொங்கலோடு நான் ஓய்வு பெற்றேன். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறோம், வந்தே ஆக வேண்டும் என்று செல்வி கூப்பிட்டாள். போனேன். அவள் வீட்டுச் சுவரைப் பார்த்ததும் தொழில் புத்தியில் கத்திவிட்டேன். "அடிப்பாவி, ஆடி மாசத்துல இன்னும் ஜனவரிய மாட்டி வச்சிருக்கியே!"

"தேதி பாக்கத்தான் போன் கீதே" என்று சிரித்தாள். "வா, காட்றேன்." பக்கத்து வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அங்கேயும் ஜனவரி. அதற்கடுத்த வீட்டிலும் ஜனவரி. பிப்ரவரிக்கு உரிய மச்சான் வீட்டிலும் ஜனவரிதான்! நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு வீட்டுத் தாளிலும் ஓரிடத்தில் மட்டும் மை தேய்ந்து வெளுத்திருந்தது. செல்வியின் அம்மா வீட்டில் அந்தத் திட்டுகிற கிழவி மேல். ராணி வீட்டில் ராணி மேல். மச்சான் வீட்டில் அவிழ்ந்த கொண்டை மேல். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் "தோ, இது நான்தான்" என்று விரலை வைத்துக் காட்டிக் காட்டித் தேய்ந்த இடம் அது.

அங்கேயே நின்று ரோசலின் மேடத்துக்குப் போன் செய்தேன். "மேடம், கைக்கெட்டுற தூரம்னு சொன்னீங்களே, தப்பு. இவங்க விரல வச்சுப் பாக்குறாங்க மேடம். விரல் பட்டுப் பட்டு மையே போயிடுச்சு!"

வாயில் கமர்கட்டு போலிருக்கிறது என்று காத்திருந்தேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"அடுத்த வருஷம் மை தேயாம மேல வார்னிஷ் ஏத்திடுவோம் மெஹர்."